ஊசிக்கு முன் ஸ்கேன்: பெட்டைக் குதிரையின் பருவச் சுழற்சியும் ஹார்மோன்களும்

பெட்டைக் குதிரைக்கு ஹார்மோன் ஊசி போட்டும் பலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது, போட்ட நாளில்தான் இருக்கும். 3 நாள் வயதான கார்ப்பஸ் லூட்டியத்தை (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும் திசு) கரைக்கப் புரோஸ்டாகிளாண்டின் போடுகிறார்கள். 28 மி.மீ. ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) உடைய வேண்டும் என்று எச்சிஜி ஹார்மோன் போடுகிறார்கள். குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் சினைப்பையை எழுப்ப ஆல்ட்ரினோஜெஸ்ட் கொடுக்கிறார்கள். மூன்றும் நல்ல மருந்துகள், மூன்றும் அந்த நேரத்தில் வீண். இந்த ஹார்மோன்கள் எதுவும் சினைப்பையில் இல்லாத ஒன்றை உண்டாக்குவதில்லை. அங்கே ஏற்கெனவே இருப்பதைக் கொஞ்சம் முன்னே தள்ளும், இல்லையென்றால் கொஞ்சம் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான்.

மாட்டில் கைபழகியவர்கள் குதிரைக்கு வரும்போது தடுமாறுவதும் இதனால்தான். மாட்டின் சினைப்பருவம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும், குதிரைக்கு 5 முதல் 7 நாள் நீளும். மாட்டில், முட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்எச் ஹார்மோன் சில மணி நேரத்தில் சட்டென்று உயர்ந்து இறங்கிவிடும். குதிரையில் அது பல நாள் மெல்ல ஏறிக்கொண்டே போய், முட்டை வெளியேறி ஒரு நாள் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். மாட்டுக் கணக்கை அப்படியே குதிரைக்குப் போட்டால் எல்லாமே நாள் தப்பிப் போகும்.

முதலில் வெளிச்சம்

குதிரை நீண்ட பகலில் சினைபிடிக்கும் விலங்கு. சினைக்காலம் சராசரி 340 நாள். பகல் நீளும் பருவத்தில் சினைபிடித்தால்தான் அடுத்த ஆண்டு புல் தழைக்கும் நேரத்தில் குட்டி விழும். இருட்டில் பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீண்டிருக்கும் மாதங்களில் மெலடோனின் நீண்ட நேரம் சுரப்பதால் மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து வந்து பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனின் துடிப்புகள் அருகிவிடுகின்றன. பிட்யூட்டரியில் எல்எச் இருப்பு கிட்டத்தட்ட வற்றிப்போகிறது. ஃபாலிக்கிளை வளர்க்கும் எஃப்எஸ்எச் அந்த அளவுக்கு வற்றுவதில்லை. அதனால் குளிர்காலத்திலும் சிறு ஃபாலிக்கிள்கள் தோன்றி மறைந்துகொண்டிருக்கும், ஆனால் எதுவும் முட்டையை வெளியேற்றும் அளவுக்கு வளராது. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளும் சிறுத்து, கார்ப்பஸ் லூட்டியம் இல்லாமல், கருப்பை துவண்டு கிடக்கும்.

இந்த நிலையில் இருக்கும் குதிரை சில நேரம் பொலிகுதிரை முன்னால் வாலைத் தூக்கி நிற்கவும் செய்யும். அதைப் பார்த்து பருவத்துக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. பெட்டைக் குதிரை பொலிகுதிரையை விரட்டுவதற்குப் புரோஜெஸ்டிரோன் வேண்டும். அது இல்லாத உடலில், சினைப்பையே வேலை செய்யாவிட்டாலும், சிறிதளவு இணக்கம் தெரியும். சினைப்பைகளை அறுத்து எடுத்துவிட்ட குதிரைகள்கூட இப்படி நிற்பதால்தான், விந்து சேகரிக்கும் இடங்களில் அவற்றைப் பொலிகுதிரைக்கு முன் நிறுத்தப் பயன்படுத்துகிறார்கள்.

நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இந்தப் பருவ ஒடுக்கம் கடுமையாகும். நெருங்கினால் தளர்ந்துவிடும், அங்கே தீவனமும் உடல்வாகும் பெரிய பங்கு வகிக்கும். வட பாதியில் தரோபிரெட் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1தான் அதிகாரப்பூர்வப் பிறந்தநாள் என்பதால், இயற்கைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே குதிரையைச் சினைப்படுத்தப் பார்க்கிறார்கள். செயற்கை வெளிச்சத்தின் தேவை அங்கிருந்துதான் வருகிறது.

முறை எளிது, தவறுகள்தான் அதிகம். இயற்கைப் பகலும் விளக்கும் சேர்ந்து 16 மணி நேர வெளிச்சம், 8 மணி நேர இருட்டு. முட்டை வெளியேற வேண்டிய நாளுக்கு 60 முதல் 90 நாள் முன்பே தொடங்க வேண்டும். பிப்ரவரி நடுவில் பருவம் வேண்டுமென்றால் டிசம்பர் 1 அன்று விளக்கு எரிய வேண்டும். கூடுதல் வெளிச்சத்தை மாலையோடு சேர்க்க வேண்டும், விடியலுக்கு முன்னால் சேர்த்தால் பலன் குறைவு. குதிரையின் கண் மட்டத்தில் சுமார் 100 லக்ஸ் இருந்தால் போதும். மீட்டர் இல்லாதவர்கள் லாயத்தின் எந்த மூலையிலும், குதிரைத் தலை இருக்கும் உயரத்தில், செய்தித்தாளைப் படிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். நடுவில் பளிச்சென்று இருந்து மூலை இருண்டிருந்தால், குதிரை பெரும்பாலும் அந்த மூலையில்தான் நிற்கும்.

இரவு முழுக்க விளக்கை எரியவிடுவது நல்லதல்ல. இருட்டும் வேண்டும், இரவு எங்கே முடிகிறது என்பதை அந்த இருட்டை வைத்துத்தான் உடல் அளக்கிறது. மாலையில் நீட்டுவதற்குப் பதிலாக, இருட்டத் தொடங்கி 9½ முதல் 10½ மணி நேரத்துக்குள் ஒரே ஒரு மணி நேரம் விளக்கு எரிந்தாலும் உடல் அதை நீண்ட பகலாகவே எடுத்துக்கொள்ளும். லாயத்தில் அடைக்காமல் வெளியே மேய விடுபவர்களுக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் நீல ஒளி தரும் முகமூடிகள் வந்திருக்கின்றன. நீல ஒளிதான் மெலடோனினை அடக்குவதில் வலுவானது.

விளக்கு வேலை செய்கிறதா என்பதற்கு முதல் அடையாளம் சினைப்பையில் தெரியாது, தோலில் தெரியும். குளிர்கால முடி வழக்கத்தைவிட முன்னதாகக் கொட்டத் தொடங்கும். கடும் குளிர் உள்ள இடத்தில் அப்போது போர்வை போட வேண்டியிருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் குட்டி ஈனப்போகும் சினைக் குதிரைகளையும் இதே விளக்கில் வைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். விளக்கில்லாமல் குளிர்காலத்தில் ஈன்ற குதிரை ஒரு பருவம் காட்டிவிட்டு மறுபடி உறங்கிப்போகலாம். மெலிந்த குதிரைக்கு விளக்கு மட்டும் போதாது. 9 புள்ளி உடல்நிலை அளவுகோலில் 5க்குக் கீழே இருந்தால் தீவனத்தை முதலில் கவனியுங்கள்.

இடைக்காலம் என்ற பொறி

குளிர்கால உறக்கத்துக்கும் ஆண்டின் முதல் முட்டைக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மாத இடைக்காலம் உண்டு. உரிமையாளரின் பணமும் பொறுமையும் அதிகம் கரைவது இங்கேதான். ஃபாலிக்கிள் 30, 35 மி.மீ. வரை வளரும், குதிரை பருவம் காட்டும், ஒரு வாரம், 2 வாரம், சில நேரம் அதற்கும் மேல் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் முட்டை வெளியேறாது. அந்த ஃபாலிக்கிள் சுருங்கும், அடுத்தது வளரும். எல்எச் இன்னும் நிறையாததே காரணம். இந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பொலிகுதிரையிடம் கொண்டுபோவதும் விந்துக் குப்பிகளைச் செலவழிப்பதும் வீண் வேலை.

இந்த இடைக்காலத்தின் பின்பாதியில்தான் ஆல்ட்ரினோஜெஸ்ட் உதவும். இது வாய்வழி கொடுக்கும் செயற்கைப் புரோஜெஸ்டிரோன். அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.044 மி.கி., நாளுக்கு ஒரு முறை. 2.2 மி.கி./மி.லி. எண்ணெய்க் கரைசலில் இது 50 கிலோ எடைக்கு 1 மி.லி., அதாவது 500 கிலோ குதிரைக்கு 10 மி.லி. 10 முதல் 15 நாள் தொடர்ந்து கொடுத்து நிறுத்த வேண்டும். கொடுக்கும் நாட்களில் எல்எச் வெளியேறாமல் பிட்யூட்டரியில் சேர்கிறது. நிறுத்தியதும் 4, 5 நாளில் பருவம் வரும், 8 முதல் 15 நாளுக்குள் முட்டை வெளியேறும்.

தொடங்கும் நாளில் குறைந்தது 25 மி.மீ. ஃபாலிக்கிளும் சில நாள் பருவமும் தெரிந்திருக்க வேண்டும். எதுவும் முளைக்காத சினைப்பைக்கு 15 நாள் ஆல்ட்ரினோஜெஸ்ட் கொடுத்தால், 15 நாளுக்குப் பிறகும் அதே சினைப்பைதான் இருக்கும்.

இந்தக் கரைசலைக் கையாளும்போது கவனம் தேவை. தோல் வழியாக உடலுக்குள் போகும். நைட்ரைல் அல்லது வினைல் கையுறை போடுங்கள், லேடெக்ஸ் கையுறையை ஊடுருவிவிடும். கர்ப்பிணிப் பெண்கள், கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று நினைப்பவர்கள், இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. கருப்பையில் தொற்று உள்ள குதிரைக்கும் கொடுக்கக் கூடாது. புரோஜெஸ்டிரோன் கருப்பை வாயை மூடி, உள்ளே எதிர்ப்பு சக்தியைக் குறைத்து, கிருமிக்கு வசதி செய்து கொடுத்துவிடும்.

பல குதிரைகளை ஒரே வாரத்தில் கொண்டுவர வேண்டுமென்றால், எண்ணெயில் கரைத்த 150 மி.கி. புரோஜெஸ்டிரோனும் 10 மி.கி. எஸ்ட்ராடையால்-17 பீட்டாவும் தினமும் தசையில், 10 நாள் போட்டு, கடைசி நாளில் புரோஸ்டாகிளாண்டின் சேர்ப்பது இன்னும் துல்லியமானது. எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் சேர்வதால் ஃபாலிக்கிள் வளர்ச்சியும் அடங்குகிறது, எல்லாக் குதிரைகளும் ஏறத்தாழ ஒரே கோட்டிலிருந்து தொடங்குகின்றன. கடைசி ஊசியிலிருந்து 10 நாள் சுற்றி முட்டையை எதிர்பார்க்கலாம்.

சுழற்சி ஓடத் தொடங்கியபின்

முட்டை வெளியேறும் நாளை 0 என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுழற்சி 21, 22 நாள். குதிரையின் சினைப்பை ஒரு விதத்தில் உள்வெளி மாறியது. முட்டைகள் இருக்கும் திசு உள்ளே, இரத்தக் குழாய்கள் உள்ள திசு வெளியே. அதனால் முட்டை எங்கிருந்து வேண்டுமானாலும் வெளியேற முடியாது, சினைப்பையின் ஒரு பக்கத்தில் உள்ள குழி வழியாக மட்டுமே வெளியேறும்.

வெடித்த ஃபாலிக்கிள் இருந்த இடத்தில் இரத்தம் நிரம்பி, அது கார்ப்பஸ் லூட்டியமாக மாறுகிறது. ஒரே நாளில் புரோஜெஸ்டிரோன் ஏறத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் உச்சத்தை எட்டுகிறது. இரத்தத்தில் 1 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே இருந்தால் வேலை செய்யும் கார்ப்பஸ் லூட்டியம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த 14, 15 நாட்களில் குதிரை காதை மடக்கும், கத்தும், பொலிகுதிரையை உதைக்கும்.

கரு இல்லையென்றால் 13 முதல் 16ஆம் நாளுக்குள் கருப்பையின் உட்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபாவை வெளியிட்டு கார்ப்பஸ் லூட்டியத்தைக் கரைக்கிறது. மாட்டில் இது கருப்பைச் சிரையிலிருந்து பக்கத்துச் சினைப்பைத் தமனிக்கு நேராகப் போய்விடும். குதிரையில் பொது இரத்த ஓட்டம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். ஆனாலும் குதிரையின் கார்ப்பஸ் லூட்டியம் இதற்கு மிகக் கூருணர்வு உள்ளது, சிறிய அளவே போதும்.

கரு இருந்தால் கதை வேறு. குதிரைக் கரு 6ஆம் நாளில் கருப்பைக்குள் இறங்கி, 16ஆம் நாள் வரை ஓரிடத்தில் நிற்காமல் கருப்பையின் இரு கிளைகளான கொம்புகளிலும் உருண்டு திரியும். தான் இருப்பதை உட்சவ்வின் ஒவ்வொரு பகுதிக்கும் தெரியப்படுத்திப் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் வழி அது. நீர்க்கட்டிகளால் பாதை அடைபட்ட முதிய கருப்பையில் இந்த உலா தடைபட்டால், நல்ல கருவே இருந்தாலும் குதிரை மறுபடி பருவத்துக்கு வந்துவிடக்கூடும்.

புரோஜெஸ்டிரோன் இறங்கியதும் ஃபாலிக்கிள் கூட்டத்தில் ஒன்று மற்றவற்றை மீறுகிறது. 22, 23 மி.மீ. அளவில் அந்தப் பிரிவு நடக்கும். அதன் பிறகு நாளுக்கு 3 மி.மீ. வேகத்தில் வளர்ந்து, 35 மி.மீ.க்கு மேல், பெரும்பாலும் 40 முதல் 45க்குள், முட்டையை வெளியேற்றும். குதிரைக்குக் குதிரை இது மாறும், ஆனால் ஒரே குதிரை சுழற்சிக்குச் சுழற்சி ஏறத்தாழ அதே அளவில்தான் வெளியேற்றும். அதனால் பழைய ஸ்கேன் அளவுகளை எழுதி வைத்திருப்பது பல ஊசிகளை மிச்சப்படுத்தும். பருவம் முடிய 24 முதல் 48 மணி நேரம் இருக்கும்போது முட்டை வெளியேறுகிறது. பருவத்தின் முதல் நாளிலிருந்து எண்ணுவதில் பயனில்லை, ஏனென்றால் பருவம் 3 நாளிலும் முடியும், 9 நாளிலும் முடியும்.

ஸ்கேன் திரையில் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஃபாலிக்கிள் அளவு, கருப்பைச் சுவரின் நீர்க்கோப்பு. ஈஸ்ட்ரோஜன் இருந்து புரோஜெஸ்டிரோன் இல்லாதபோது உட்சவ்வின் மடிப்புகள் நீர்கோத்து, குறுக்குவெட்டில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலத் தெரியும். பருவம் முற்ற முற்ற இது கூடி, முட்டை வெளியேறுவதற்கு ஒரு நாள் முன்பு வடியத் தொடங்கும். அதுவரை உருண்டையாக இருந்த ஃபாலிக்கிள் அப்போது மென்மையாகி, ஒரு பக்கம் கூம்பாக நீண்டு, அந்தக் குழியை நோக்கிச் சாயும். மலக்குடல் வழியே விரலால் அழுத்தினால் குழைவாக இருக்கும். 42 மி.மீ. ஃபாலிக்கிள் இருந்தும் நீர்க்கோப்பே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். எங்கோ ஒரு கார்ப்பஸ் லூட்டியம் ஒளிந்திருக்கலாம். அல்லது முட்டை வெளியேற இன்னும் சில மணி நேரமே இருக்கலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

புரோஸ்டாகிளாண்டின்: நாள் எண்ணத் தெரிந்தால்

புரோஸ்டாகிளாண்டின் மருந்துகளில் டைனோப்ரோஸ்ட் 5 முதல் 10 மி.கி., அல்லது குளோப்ரோஸ்டெனால் 250 மைக்ரோகிராம், தசையில் ஒரு முறை. முட்டை வெளியேறி 5 நாள் முழுதாக ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் ஒற்றை ஊசியில் கார்ப்பஸ் லூட்டியம் கொஞ்சம் தளர்ந்துவிட்டு மறுபடி எழுந்துவிடும். 6ஆம் நாளில் போட்டால் 9, 10ஆம் நாளில் பருவம் வரும், 15ஐ ஒட்டி முட்டை வெளியேறும். இயல்பான 21 நாளோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒரு வாரம் மிச்சம்.

அந்த 15 என்பது சராசரிதான். ஊசி போட்ட அன்று சினைப்பையில் என்ன அளவு ஃபாலிக்கிள் இருந்தது என்பதே நாளைத் தீர்மானிக்கும். எல்லாம் 15 மி.மீ.க்குக் கீழே இருந்தால் 10, 12 நாள் ஆகும். 38 மி.மீ. ஒன்று ஏற்கெனவே இருந்தால் 2, 3 நாளில் வெளியேறிவிடும், பருவ அறிகுறி ஒழுங்காகத் தெரியும் முன்பே. சில நேரம் அது சுருங்கிப்போய் புதியது வளரும், அப்போது 10 நாளுக்கு மேல் போகும். ‘ஊசி போட்டேன், 4ஆம் நாள் ஸ்கேன் செய்தேன், ஏற்கெனவே வெடித்திருந்தது’ என்பவர்கள் ஊசி நாளன்று சினைப்பையை அளக்காதவர்கள்.

ஊசிக்குப் பிறகு கால் மணி நேரத்துக்குள் வியர்வை, லேசான வயிற்றுவலி, கழிச்சல், தடுமாற்றம் தெரியலாம், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கும். குளோப்ரோஸ்டெனாலில் இது குறைவு. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருந்தைத் தொடக் கூடாது, கையில் பட்டால் உடனே சோப்பால் கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், குதிரை சினையாக இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் இந்த ஊசிப் பக்கமே போகாதீர்கள். ஆரம்பச் சினை ஒரே ஊசியில் கலைந்துவிடும்.

சினைப்படுத்திய பிறகு கருப்பையில் தேங்கும் நீரை வடிக்கச் சிலர் குளோப்ரோஸ்டெனால் போடுகிறார்கள். முட்டை வெளியேறுவதற்கு முன் சரி. வெளியேறி 2 நாளான பிறகு போட்டால், கார்ப்பஸ் லூட்டியத்தை முழுதாக அழிக்காவிட்டாலும் புரோஜெஸ்டிரோனைக் குறைத்துவிடும். அந்த நாட்களில், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் 10 முதல் 20 யூனிட்டே பாதுகாப்பு.

முட்டையை நேரத்துக்கு வரவழைப்பது

புதிய விந்து பெட்டைக் குதிரையின் உடலில் 2 நாள் தாங்கும். குளிரூட்டி அனுப்பிய விந்துக்கு 24 மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. உறைவிந்துக்கு அதுவும் கிடையாது. முட்டை வெளியேறுவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்து வெளியேறி 6 மணி நேரம் வரைதான் அதன் சாளரம். உறைவிந்து பயன்படுத்துபவர்கள் முட்டையின் நேரத்தைக் கட்டுப்படுத்தாமல் இருக்க முடியாது.

எச்சிஜி 1,500 முதல் 2,500 யூனிட் சிரையில் போட்டால், 36 மணி நேரத்தை ஒட்டி முட்டை வெளியேறும், பெரும்பாலானவை 48க்குள். ஜிஎன்ஆர்எச் போலச் செயல்படும் டெஸ்லோரெலின் 1.8 மி.கி. வரை தசையில் போட்டால் 40 மணி நேரத்தை ஒட்டி. திங்கள் இரவு 8 மணிக்கு எச்சிஜி என்றால் புதன் காலை 8 மணி சுமார், டெஸ்லோரெலின் என்றால் புதன் நண்பகல். இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: 35 மி.மீ. ஃபாலிக்கிளும், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீர்க்கோப்பும். இதில் ஒன்று மட்டும் இருந்தால் காத்திருங்கள்.

எச்சிஜி மனிதப் புரதம். ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் குதிரையின் உடல் எதிர்ப்புரதம் உண்டாக்கி, மருந்து மெல்லச் செயலிழக்கும். இரண்டு சுழற்சிக்கு மேல் தேவைப்பட்டால் டெஸ்லோரெலினுக்கு மாறுவது என் பரிந்துரை. டெஸ்லோரெலினை இம்ப்ளாண்டாக (தோலடியில் பதிக்கும் சிறு மருந்துத் துண்டாக) வைத்தால், முட்டை வெளியேறியதும் எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் பிட்யூட்டரி அடங்கிப்போய், சினைபிடிக்காத குதிரை அடுத்த பருவத்துக்கு வாரக்கணக்கில் வராமல் போகலாம். எளிதாக எடுக்க வசதியாக அதைக் கழுத்தில் வைக்காமல், பிறப்புறுப்பின் உதட்டுத் தோலடியில் வைக்கிறார்கள்.

இரண்டு டோஸ் உறைவிந்து கையில் இருந்தால், ஊசியிலிருந்து 24ஆம் மணியிலும் 40ஆம் மணியிலும் ஒவ்வொன்று செலுத்தினால் நடுராத்திரி ஸ்கேன் தேவையில்லை. ஒரு டோஸ்தான் இருக்கிறது என்றால் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் செய்து, வெடித்ததும் செலுத்த வேண்டும். வேறு வழியில்லை.

வராத பருவம், வெடிக்காத ஃபாலிக்கிள்

பருவகாலத்தின் நடுவில் குதிரை 3, 4 வாரமாகப் பருவம் காட்டவில்லை என்றால் முதல் சந்தேகம் கரையாத கார்ப்பஸ் லூட்டியம். புரோஜெஸ்டிரோன் ஆட்சியின் நடுவிலும் குதிரை சில நேரம் இன்னொரு முட்டையை வெளியேற்றும். 14ஆம் நாளில் புரோஸ்டாகிளாண்டின் வரும்போது அந்தப் புதிய கார்ப்பஸ் லூட்டியத்துக்கு 5 நாள் ஆகியிருக்காது, தப்பித்துவிடும். பிறகு 2, 3 மாதம்கூட நீடிக்கும். கரு 15ஆம் நாளுக்குப் பிறகு அழிந்தாலும், உட்சவ்வு சிதைந்து புரோஸ்டாகிளாண்டின் சுரக்க முடியாமல் போனாலும் இதே தோற்றம்தான். சினை இல்லை என்று உறுதி செய்து ஒரு ஊசி போட்டால் தீரும். குதிரையில் புரோஸ்டாகிளாண்டின் பளிச்சென்று பலன் தரும் இடம் இதுதான்.

ஊசிக்கும் அசையாத ஒரு நிலை உண்டு. சினை 35 நாளைத் தாண்டியதும் கருவின் செல்கள் கருப்பைச் சுவரில் புகுந்து எண்டோமெட்ரியல் கப் என்ற குழிவுகளை உண்டாக்கி, இசிஜி என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது புதிது புதிதாகக் கார்ப்பஸ் லூட்டியங்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். 45ஆம் நாளில் கரு அழிந்துபோனாலும் இந்தக் குழிவுகள் 120ஆம் நாளை ஒட்டும் வரை உயிரோடு இருக்கும், அதுவரை குதிரை ஒழுங்கான பருவத்துக்கு வராது. பெரும்பாலும் அந்த ஆண்டின் பருவகாலமே போய்விடும். இரட்டைச் சினையை 16ஆம் நாளுக்கு முன் கண்டுபிடித்து ஒன்றை நசுக்கிவிட வேண்டும் என்று அடித்துச் சொல்வதற்கும், 30ஆம் நாளுக்கு முன் இன்னொரு ஸ்கேன் கேட்பதற்கும் இது ஒரு காரணம். முடிவு எடுப்பதென்றால் 35க்கு முன் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது இரத்தம் நிரம்பிய வெடிக்காத ஃபாலிக்கிள். எல்லா அறிகுறியும் சரியாக இருக்கும், ஊசியும் போட்டாயிற்று, ஆனால் 48 மணி நேரம் கழித்தும் அது நிற்கும். கருப்பாகத் தெரிந்த திரவத்துக்குள் வெள்ளைப் புள்ளிகள் மிதக்கும். மறுநாள் 60, 70 மி.மீ.க்கு வீங்கி, உள்ளே நூல் நூலாக வலை பின்னியிருக்கும். முட்டை உள்ளேயே சிக்கிவிட்டது, அந்தச் சுழற்சி முடிந்தது. இன்னொரு எச்சிஜி போட்டுப் பயனில்லை. அதன் சுவர் பெரும்பாலும் லூட்டியத் திசுவாக மாறும், அப்படி மாறியபின் புரோஸ்டாகிளாண்டினுக்குக் கரையும். முதிய குதிரைகளிலும், ஒரு முறை வந்த குதிரைகளிலும் திரும்ப வர வாய்ப்பு அதிகம். முட்டை வெளியேறும் நாட்களில் ஃப்ளூனிக்ஸின் போன்ற வலி நிவாரணிகளை அதிக அளவில் கொடுப்பதும் இதைத் தூண்டும், ஏனென்றால் ஃபாலிக்கிள் சுவர் கிழிவதற்கே புரோஸ்டாகிளாண்டின்கள் தேவை.

ஒரு சினைப்பை பெருத்து, மற்றது சுண்டிப்போய், குதிரை பொலிகுதிரை மாதிரி நடந்துகொண்டால் சினைப்பையில் வளரும் கிரானுலோசா செல் கட்டியை நினையுங்கள். இரத்தத்தில் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன், இன்ஹிபின், டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு மருந்தில்லை, அறுவைதான்.

ஈன்ற பிறகு

ஆண்டுக்கு ஒரு குட்டி வேண்டுமென்றால் 365இலிருந்து 340 போக மிச்சம் 25 நாள்தான். ஈன்ற 5 முதல் 12ஆம் நாளுக்குள் வரும் முதல் பருவத்தில் சினைப்படுத்தும் ஆசை அதனால்தான். 10ஆம் நாளுக்குப் பிறகு முட்டை வெளியேறினால், கருப்பையில் நீர் தேங்கியிருக்காவிட்டால், தைரியமாகச் செய்யலாம். கரு கருப்பைக்குள் இறங்க இன்னும் 6 நாள் இருப்பதால் உட்சவ்வு ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். 7, 8ஆம் நாளிலேயே வெடித்தாலோ, நஞ்சுக்கொடி தங்கியிருந்தாலோ, பிரசவம் சிக்கலாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். அந்த முட்டைக்கு 6 நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின் போட்டால், ஈன்று 30 நாளை ஒட்டி வரும் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பருவம் வேண்டாம் என்பவர்களுக்கு

ஓட்டத்திலும் சவாரியிலும் இருக்கும் குதிரைக்குப் பருவத்தை அடக்கக் கேட்பவர்கள் அதிகம். ஆல்ட்ரினோஜெஸ்ட் தினமும் அதே 0.044 மி.கி. அளவில் 2, 3 நாளில் வேலை செய்யத் தொடங்கும், போட்டி விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை வெளியேறிய 7 முதல் 14ஆம் நாள் வரை தினமும் 60 யூனிட் ஆக்ஸிடோசின் தசையில் போட்டால், பாதிக்கு மேற்பட்ட குதிரைகளில் கார்ப்பஸ் லூட்டியம் கரையாமல் வாரக்கணக்கில் நீடிக்கும். மலிவு, ஆனால் 0ஆம் நாள் தெரிந்திருக்க வேண்டும். மாடுகளுக்கான காது இம்ப்ளாண்டுகளும், மனிதர்களுக்கான மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசியும் குதிரையின் பருவத்தை அடக்குவதில்லை. 35 மி.மீ. கண்ணாடிக் குண்டைக் கருப்பைக்குள் வைக்கும் பழைய வழி பாதிக் குதிரைகளில்கூடப் பலிப்பதில்லை, உள்ளே உடைந்தாலோ மறந்துபோனாலோ கருப்பை கெடும்.

சிடுசிடுப்பு, உதை, சவாரிக்கு மறுப்பு எல்லாவற்றுக்கும் சினைப்பையைக் குற்றம் சொல்லி அறுவைக்குத் தயாராகும் முன் 2 முதல் 3 வாரம் ஆல்ட்ரினோஜெஸ்ட் கொடுத்து, நடத்தையை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். கொடுத்தும் மாறவில்லை என்றால் சினைப்பையை எடுத்தாலும் மாறாது. முதுகு, வயிற்றுப் புண், சேணம், குளம்பு என்று வேறு இடத்தில் தேட வேண்டும். கொடுத்ததும் அடங்கினாலும், அறுவைக்குப் பிறகு குதிரைக்குக் கிடைப்பது புரோஜெஸ்டிரோன் இல்லாத உடல், மருந்து கொடுத்த நாட்களில் இருந்ததற்கு நேர் எதிர் நிலை. பருவத்தில் மட்டும் முரண்டு பிடிக்கும் குதிரைக்கு அறுவை உதவலாம். பருவமில்லா நாட்களிலும் முரண்டு பிடிப்பதற்கு அது மருந்தல்ல.